கிடா மாமன் ஏன் அப்படிச் செய்தான்?

பள்ளிபாளையம்
28.12.2024

அன்புள்ள நவநீக்கு,

அன்பு இன்றைக்குக் கொஞ்சம் கம்மிதான். வழக்கம் என்பதால் எழுதிவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று பேசிவிடுவாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். கடிதத்தில் நீ நடுவில் புக முடியாது. உன் அக்கா சொல்வதைக் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று உன் படத்தைப் பார்த்தோம். "செவலையும் ஏழு மலையும்." வசனம் நவநீதகிருஷ்ணன் என்று திரையில் வந்ததும் நான் எழுந்து நின்று கை தட்டினேன். எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் தட்டினார்கள். ஆமாம், தெருவையே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அரைப்பரீட்சை லீவு, என் தம்பி எழுதிய கார்ட்டூன் படம், குடும்பத்தோடு வாங்க என்று வீடு வீடாகப் போய் அழைத்தவள் நான்தான். ஆற்றுப் பாலம் தாண்டி ஈரோட்டுக்கு வேன் பிடித்துப் போனோம். திரும்பி வரும்போது அந்த வேனில் ஒரு அம்மாவும் என்னோடு பேசவில்லை.

நீயே சொல். பாப்கார்ன் பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் தாய் ஆடு லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. அப்பா ஆடு எங்கே போனது? குட்டியும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஏழு மலை என்று பேர் வைத்துவிட்டு நாலு மலைதான் காட்டுகிறாய். கிருத்தி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். படம் முடிந்ததும் மடக்காத விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மீதி எங்கம்மா?" என்றாள். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இருக்கும் கணக்கு உங்கள் கம்பெனியில் ஒருத்தருக்கும் இல்லையா?

நடுவில் ஒரு காக்காய். குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு பெண்டாட்டியைத் திட்டிப் பாடுகிறது. எதிர்வீட்டு ஜோதியின் பையன் நேற்றிலிருந்து தண்ணி டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டைத்தான் பாடுகிறான். ஜோதி ஜன்னலைச் சாத்திவிட்டாள், எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிற ஜன்னலை. கடைசியில், அவ்வளவு நேரம் ஓடி ஒளிந்துகொண்டிருந்த குட்டி பாறைமேல் ஏறி நின்று மரம் வளர்ப்பதைப் பற்றி ஒரு பிரசங்கம். எனக்கே கொட்டாவி வந்தது.

மேச்சேரி ஆடு என்று படத்திலேயே சொல்கிறாய். மேச்சேரி ஆட்டுக்கு ஏதுடா கொம்பு? கிடாவானாலும் மொட்டைத்தலைதான். நம் வீட்டுப் பட்டியில் பார்த்ததெல்லாம் சென்னைக்குப் போனதும் மறந்துவிட்டதா?

இதெல்லாம் போகட்டும். அந்தக் கிடா மாமன். தான் வளர்த்த தாயில்லாத குட்டியைச் சிரித்துச் சிரித்துக் கூப்பிடுகிறதே, "மாமன் மடில வந்து உக்காரு சாமி" என்று. குட்டி ஓடிவந்து உட்கார்ந்ததும் பின்னால் ஒருத்தன் சாக்கோடு வருகிறான். மாமனே குட்டியைத் தூக்கிச் சாக்குக்குள் போடுகிறது. தியேட்டரில் பிள்ளைகள் அலறியதை நீ கேட்டிருக்க வேண்டும். கிருத்தி அலறவில்லை. என் முந்தானைக்குள் தலையை விட்டவள் வேனில் ஏறும்வரை வெளியே எடுக்கவில்லை.

மாசி மாதம் அவளுக்குக் காதுகுத்து. யார் மடியில் உட்கார்ந்து குத்திக்கொள்ள வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கோயில் வேலை முடியட்டும் என்று இத்தனை வருஷம் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறோம். யோசித்துப் பதில் எழுது.

தனப்பிரியா


சாலிகிராமம், சென்னை
3.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விமர்சனத்துக்கு நன்றி.

சில விஷயங்களைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு அனிமேஷன் படம் எடுப்பது சுலபமான காரியம் இல்லை. ஏழு மலையும் எழுதினோம். நாலு மலை வரைவதற்குள் தயாரிப்பாளர் கையை விரித்துவிட்டார். பேரை மாற்றலாம் என்றேன், போஸ்டர் அடித்தாகிவிட்டது என்றார்கள். கொம்பு விவகாரமும் அப்படித்தான். கணினியில் ரெடிமேடாகக் கிடைத்த ஆட்டுக்குக் கொம்பு இருந்தது. அதைக் கழற்றத் தனி வேலை என்றார்கள்.

காக்காய்ப் பாட்டு அப்பாக்களுக்காக வைத்தது. குழந்தை தனியாகத் தியேட்டருக்கு வருவதில்லை. கூட்டிவருகிற ஆளும் சிரிக்க வேண்டும். இது டைரக்டரின் முடிவு. நான் வசனம் மட்டும்தான். கதை என்னுடையது இல்லை, திரைக்கதை என்னுடையது இல்லை. குழந்தைகளும் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கும்.

கிடா மாமன் வசனத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இந்தப் படத்திலேயே எல்லாரும் பாராட்டியது அந்த ஒரு வரியைத்தான். சென்னைத் தியேட்டரில் சிரித்து உருண்டார்கள். மண்வாசனை என்று தயாரிப்பாளரே தோளில் தட்டினார். ஊரில் உள்ளவர்களுக்கு மட்டும் ஏன் கசக்கிறது என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு வருகிறேன். கிருத்தி என்னைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடுவாள். குழந்தைகள் அப்படித்தான். குழந்தைகள் படம் எழுதுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா?

தங்கள் தம்பி,
நவநீதகிருஷ்ணன்


பள்ளிபாளையம்
9.1.2025

நவநீ,

"தங்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும்.

எல்லாரும் பாராட்டிய அந்த வரி யாருடையது? நீ எழுதியதா? அது மயில்சாமி மாமா பேச்சு. அப்பா போன பிறகு நம் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்த மனுஷன். உனக்குக் காது குத்தும்போது நீ கோயிலைச் சுற்றி ஓடினாய். அவர் பலகையில் உட்கார்ந்து கையை விரித்து அதைத்தான் சொன்னார். அன்றைக்கு மட்டுமா? இந்தப் படம் வரும்வரை எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதைத்தான் சொல்வார். அந்தக் கனைப்பைக்கூட விடாமல் அந்த ஆட்டுக்கு வைத்திருக்கிறாய்.

போன கடிதத்தில் இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். நீயாக உணர்வாய் என்று நினைத்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். மாமாவும் படம் பார்த்தார். தன் ரிக் வண்டியில் போர் போடும் பசங்களை எல்லாம் வேலையை நிறுத்தச் சொல்லி, திருச்செங்கோட்டில் ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "எம்பட மருமகன் எழுதுன படமுடா" என்று. அந்த இடம் வந்ததும் பசங்கள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவரும் சிரித்திருக்கிறார். இடைவேளையில் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்திருக்கிறார். அத்தை போனில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் நேற்று கிருத்தியைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எப்போதும் வாசலிலேயே கையை விரித்துக்கொண்டு நிற்பார், இவளும் அப்புச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடுவாள். நேற்று நாற்காலியில் உட்கார்ந்து, "வா கண்ணு, சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டார். கிளம்பும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "படம் நல்லாத்தான் இருந்துச்சு சாமி. அந்தக் கெடாய்க்கு மட்டும் எம்பட கொரலாட்டமே இருந்துச்சு."

இன்னொன்று. கிருத்தி உன் மடியில் உட்கார மாட்டேன் என்கிறாள். காதுகுத்து என்ற பேச்செடுத்தாலே, "மாமன் மடி வேண்டாம்" என்று கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாமனுக்குப் பயப்படுகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். என் மாமியார் சாலம்மாள், "அப்ப உன்ற பெரியப்பன் ஊட்டுக் கௌசிக்கை உக்கார வெச்சுக்கலாம், அவனும் மாமன் மொறைதானே?" என்று ஆரம்பித்துவிட்டார். கூடப்பிறந்தவன் நீ இருக்கும்போது சீர் வேறொருத்தன் மடியில் நடந்தால் ஒறம்பரை சொந்தக்காரர்கள் எல்லாம் என்ன பேசுவார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ செத்துப்போய்விட்டாயா என்று கேட்பார்கள். நல்லவேளை, எங்கள் கோயிலில் பொங்கல் மட்டும்தான், கிடாவெட்டு இல்லை. அதுவும் இருந்திருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பொங்கலுக்கு வா. ஆனால் ஒன்று, அந்த வார்த்தையை அவளிடம் சொல்லாதே. விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே.

தனப்பிரியா


சாலிகிராமம்
18.1.2025

அக்கா,

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நீ சொல்லாதே என்றாய், நான் சொன்னேன்.

நான் நினைத்தது வேறு. பயத்தை நேருக்கு நேர் பார்த்தால் போய்விடும் என்று எங்கோ படித்திருந்தேன். அவளைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று அந்த ஆடு மாதிரியே கனைத்துக் கையை விரித்தேன். தறிக்குடோனுக்குள் ஓடிப்போய் நூல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மச்சான் தறியை நிறுத்திவிட்டுத் தேடினார். கரும்பு தின்ன வந்தவன் மாதிரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அவளுக்கு என்று நான் வாங்கிவந்த செவலைக்குட்டி பொம்மையைத் தொடவே இல்லை. கம்பெனியில் பேசி, சண்டை போட்டு வாங்கினது. எனக்குத்தான் கோபம் வந்தது, குழந்தைமேல். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் மயில்சாமி மாமாவைப் பார்க்கப் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தது.

ஆனால் கௌசிக் வேண்டாம் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன். அவன் நல்லவன்தான், அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கல்யாணம் காட்சி என்று எனக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை. ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே உரிமை அந்த மடி. அதையும் என் படமே பிடுங்கிக்கொண்டு போனால் நான் எந்த முகத்தோடு ஊருக்கு வருவது?

படத்தின் முடிவை மாற்றி எழுதியிருக்கிறேன். கம்பெனிக்காக இல்லை, கிருத்திக்காக. கூடவே வைத்திருக்கிறேன். படத்தில் மலையிலிருந்து விழுகிற கிடா மாமன் இதில் விழாது. செவலை போய்க் காப்பாற்றும். மாமன் அழுது மன்னிப்புக் கேட்கும். இரண்டும் கட்டிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகும். படித்துக் காட்டு. சரியாகிவிடும்.

நவநீ


பள்ளிபாளையம்
24.1.2025

நவநீ,

படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவள் பாதியிலேயே, "பொய்" என்றாள்.

எது பொய் என்றேன். "அது அழுவாது. அழுவற மாமன்னா மொதல்ல ஏன் சாக்குல போட்டுச்சு?" என்றாள். படத்தில் எங்கேயாவது சொல்லியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அந்தச் சாக்குக்காரன் அந்தக் கிடாவுக்கு ஒரு புல்லுக்கட்டுகூடக் கொடுக்கவில்லை. சும்மா தூக்கிக் கொடுக்கிறது. சும்மா சிரிக்கிறது. சும்மா மலையிலிருந்து விழுகிறது.

அவள் என்னை விடவில்லை. சோறு ஊட்டும்போது கேட்கிறாள், தலை பின்னும்போது கேட்கிறாள். "கெடா மாமன் ஏம்மா அப்படிச் செஞ்சுது?" அப்பாவிடம் போய்க் கேட்டாள். அவர், "அது கெட்ட கெடா கண்ணு" என்றார். "கெட்ட கெடான்னு செவலைக்கு ஏன் தெரீல? தெனமும் அது மடீலதான உக்காந்துச்சு?" என்றாள். தறி ஓட்டுகிற மனுஷனிடம் இதைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவள் பயப்படுவது சாக்கைப் பார்த்து இல்லை. நல்லவனாக இருந்தவன் ஒரு காரணமும் இல்லாமல் ஒரு நாள் தூக்கிக் கொடுத்துவிடுவான் என்றால், யாரும் கொடுக்கலாம். நீயும் கொடுக்கலாம், நானும் கொடுக்கலாம். அதனால்தான் இப்போதெல்லாம் என் மடியில் உட்காரும்போதுகூட ஒரு தடவை திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டு உட்காருகிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. உங்கள் ஆபீஸ் ரூமில் ஏசியைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் உட்கார்ந்து பேசினீர்கள்? ஒருத்தருக்குக்கூட இந்தக் கேள்வி வரவில்லையா?

பதில் எழுது. எனக்கு இல்லை, அவளுக்கு. மன்னிப்பு, கட்டிப்பிடிப்பு எல்லாம் வேண்டாம். ஏன் என்று மட்டும் சொல். கோயிலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. மாமியார் பத்திரிகையில் தாய்மாமன் பேர் போடும் இடத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார்.

தனப்பிரியா


சாலிகிராமம்
31.1.2025

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே டைரக்டருக்குப் போன் செய்தேன். "சார், கிடா மாமன் ஏன் குட்டியைக் கொடுக்குது?" என்று கேட்டேன். "என்னங்க இப்பப் போயி? வில்லன்னா அப்படித்தான்" என்றார். "ஆனா அதுதானே வளர்த்துச்சு?" என்றேன். "நீங்கதானே வசனம் எழுதினீங்க, நீங்கதான் சொல்லணும்" என்று வைத்துவிட்டார். நானும் வசனம் மட்டும்தான் என்று உனக்கு எழுதினேன். ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டிக் காட்டி ஒரு படமே எடுத்து முடித்துவிட்டோம்.

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். புல்லுக்கு ஆசைப்பட்டு, பழைய பகை என்று, பட்டிக்குத் தலைவன் ஆக வேண்டும் என்று. எல்லாவற்றுக்கும் கிருத்தி பொய் என்றுதான் சொல்வாள். எனக்கே பொய் என்று தெரிந்தது.

அப்புறம் அந்த வரி எப்படி வந்தது என்று யோசித்தேன். கதை பேசுகிற அறையில் என்னைத் தவிர எல்லாரும் பெரிய பெரிய படம் செய்தவர்கள். நான் ஊர்ப்பேச்சு பேசினாலே சிரிப்பார்கள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வில்லனுக்குச் சுவாரசியமாக ஒன்றுமே வரவில்லை, இந்த ஆளை மாற்றிவிடலாமா என்று என் காதுபடவே பேசினார்கள். அப்போது வாயில் வந்ததுதான் மாமா வார்த்தை. கனைத்துக் காட்டினேன். ரூமே சிரித்தது. முதல் தடவையாக என் தோளில் கை போட்டார்கள். நான் தப்பித்தேன் அக்கா. மாமாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தப்பித்தேன்.

அந்தக் கிடாவும் அப்படித்தான் செய்திருக்கும். இதைக் கிருத்திக்குப் படித்துக் காட்டு:

செவலை கேட்டது: "ஏன் மாமா என்னையக் குடுத்தே?"

கிடா மாமன் சொன்னது: "எனக்குப் பயமா இருந்துச்சு சாமி. சாக்குக்காரன் என்னையப் புடிக்கத்தான் வந்தான். உன்னையக் குடுத்தா என்னைய உட்டுருவேன்னான். நான் பெரிய கெடாதான். ஆனா பயந்துட்டேன். பயந்ததைச் சிரிச்சு மறைச்சேன். தப்பு என்னோடது. உன்னோடது இல்லை."

அவ்வளவுதான். அழுகை இல்லை, கட்டிப்பிடிப்பு இல்லை. மன்னிப்பதும் விடுவதும் செவலை இஷ்டம். அவள் வேண்டாம் என்றால் கௌசிக்கை உட்காரச் சொல். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன்.

நவநீ


பள்ளிபாளையம்
7.2.2025

நவநீ,

படித்துக் காட்டினேன். இந்த முறை பொய் என்று சொல்லவில்லை. ரிப்பனை வாயில் வைத்துக் கடித்தாள். பிறகு, "மாமனுக்கும் பயமாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "அத அப்பவே சொல்லியிருக்கலாமுல்ல? ரெண்டு பேரும் ஓடியிருக்கலாமுல்ல?" என்றாள். இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் நேரில் வந்து சொல்.

ஆனால் கதை முடியவில்லையாம். உனக்கு ஒரு திருத்தம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கடைசீல அந்த மாமன் மறுக்காவும் மடில வந்து உக்காருன்னே சொல்லோணும். ஆனா இந்தத் தடவ நெசமாச் சொல்லோணும். சாக்கு வரக்கூடாது." எங்கே பிடித்தாள் பார் இதை. உங்கள் கம்பெனியில் எல்லாரையும் அனுப்பிவிட்டு இவளை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்.

மடியில் உட்காருவாளா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்கிறாள். என் மாமியார் மாதிரியே சொல்கிறாள். பத்திரிகையில் உன் பேரைப் போடச் சொல்லி நான் ஒரே பிடியாக நின்றேன், போட்டாகிவிட்டது. ஆனால் மாமியார் கௌசிக்குக்கும் போன் போட்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டே வந்துவிடு என்று சொல்லி வைத்திருக்கிறார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சபை நடுவில் பிள்ளை ஓடினால் ஆசாரி எத்தனை நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

மாமா விஷயம் தனி. அதில் நான் தூது போக மாட்டேன். அவரிடம் சொல்ல வேண்டியதை எனக்கு எழுதியிருக்கிறாய். விலாசம் தப்பு. திருச்செங்கோட்டுக்குப் போய்விட்டு இங்கே வா. போகாமல் வருவதாக இருந்தால் வராதே.

தனப்பிரியா


சாலிகிராமம்
11.2.2025

அக்கா,

சனிக்கிழமை சாயங்காலம் திருச்செங்கோட்டில் இறங்குகிறேன். மாமா வீட்டில் தங்கிவிட்டு அவரோடு கோயிலுக்கு வருகிறேன், அவர் தங்கவிட்டால்.

பாவாடை சட்டை, தோடு எல்லாம் எடுத்தாகிவிட்டது. சபையில் நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இனி யோக்கியதை கிடையாது. பலகையில் உட்கார்ந்து கையை விரிப்பேன். வந்தால் வரட்டும்.

ஊசி என்றால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டால் திட்டாதே.

நவநீ


பள்ளிபாளையம்
18.2.2025

அன்புள்ள நவநீக்கு,

பக்கத்திலேயே இருந்தவனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ இருந்தாய், பார்க்கவில்லை. ஆசாரி பெட்டியைத் திறந்ததுமே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். கிருத்தியைவிட நீதான் வெளுத்துப்போயிருந்தாய். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பந்தி ஆரம்பித்ததும் மைக்செட்காரன் போட்ட முதல் பாட்டே உன் காக்காய்ப் பாட்டு. கோயில் பொங்கலுக்கு, சாமி சன்னதியில், குடிகாரக் காக்காய். ஜோதியின் பையன் இலையை விட்டு எழுந்து ஆடினான். ஜோதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது உனக்குச் சேர வேண்டியது. இதை நான் மன்னிக்கப்போவதில்லை.

நீ கையை விரித்துக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தாய். கிருத்தி நான்கடி தள்ளி நின்றாள். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமியார் கௌசிக்கின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார், அவனும் ஒரு அடி வைத்துவிட்டான். அப்போதுதான் அவள், "மாமா, நீ ஏன் ஒண்ணுமே சொல்லமாட்டீங்கறே?" என்று கேட்டாள். நீ கண்ணைத் திறக்காமலே, "மாமா, நீங்க சொல்லுங்க" என்றாய். உன் பின்னால் சீர்த்தட்டோடு நின்ற மயில்சாமி மாமாவைத்தான் சொல்கிறாய் என்று யாருக்கும் முதலில் புரியவில்லை. அவருக்கே புரியவில்லை.

சனிக்கிழமை ராத்திரி நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் படம் பார்த்த நாளிலிருந்து அவர் அந்த வார்த்தையை எந்தக் குழந்தையிடமும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். தட்டைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்தார். உன் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். "மாமன் மடில வந்து உக்காரு சாமி" என்றார்.

"நெசமாவா அப்புச்சி?" என்று அவள் கேட்டது உனக்குக் கேட்டிருக்கும். "நெசமாத்தான் தங்கம்" என்று அவர் சொன்னதும் கேட்டிருக்கும். அவள் வந்து உட்கார்ந்தது உன் மடிக்கே தெரியும்.

நீ பார்க்காதது இதுதான். ஆசாரி வலது காதில் குத்தும்போது அவள் ஊசியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உன் தோளுக்கு மேலே எட்டி, பின்னால் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் தலையைத் திருப்பவில்லை. எனக்கு ஏன் என்று தெரியும், அந்தச் சாக்குக்காரன்தான். மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாக நகர்ந்து போய் அந்த வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், பெரிய உடம்புதானே. இடது காதும் குத்தி முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அத்தை மாலை எடுத்துக் கொடுக்கக் கூப்பிட்டார், அதற்கும் போகவில்லை.

எல்லாம் முடிந்து, ஆசாரி சந்தனம் வைத்ததும், உன் மடியிலிருந்து இறங்கி நேராக அவரிடம் ஓடினாள். அவர் வேட்டியை இடுக்கிக்கொண்டு குனிந்தார். அவள் அவரைச் சுற்றி ஒரு பக்கம் எட்டிப் பார்த்தாள், இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"யாருமே வரலீங்க, அப்புச்சி" என்றாள்.

தனப்பிரியா